வெள்ளிக்கிழமை மெக்சிக்கோ

மேடையில் ஏறியவன் முதல் வாக்கியத்தை எவர் முகத்தையும் பாராமல் சொல்ல வேண்டும். இரண்டாவதைக் கடைசி வரிசையில் இருப்பவனுக்குச் சொல்ல வேண்டும். மூன்றாவதில் வலது கை எழ வேண்டும். யாழ்ப்பாணத்தில் விடுதியிலே தங்கிப் படித்த நான்கு வருடங்களில் நான் கற்றவற்றுள் இன்றைக்கும் பிசகாமல் நிற்பது இதுதான். அட்சரகணிதம் பரீட்சை மண்டபத்தின் வாசலோடு விடைபெற்றுக்கொண்டது. பேச்சு மட்டும் என்னோடு புகைவண்டி ஏறி மன்னார் வந்து, மாட்டு வண்டியில் தாழ்வுபாட்டுக்கும் வந்து சேர்ந்தது.

எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் அந்தப் பக்கத்தைப் பேசி நிலைநாட்டுவேன் என்பது என் பெருமை. அதை நான் ஒளித்து வைத்ததில்லை. ஒரே பொருளைக் காலையில் ஆதரித்தும் மாலையில் எதிர்த்தும் பேசி, இரண்டு தரமும் கைதட்டு வாங்கியவன் நான். இப்படிப்பட்டவனுக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலையில், கடற்கரையில், ஒரேயொரு சொல் சொல்வதற்கு நாக்கு எழவில்லை. அதற்குக் காரணமாயிருந்தது மெக்சிக்கோ தேசம்.

என் தகப்பனார் கரைவலைச் சம்மாட்டி; நான் அவருக்கு மூத்த மகன். வலையும் தோணியும் அவருடையவை. இரு பக்கமும் நின்று கயிறு இழுக்கிற ஆட்கள் இருபதுக்கு மேல். அந்த ஆட்களுக்குத் தலைவர் மண்டாடி. கடலின் நிறத்தைப் பார்த்து மீன் எங்கே நிற்கிறது, வலையை எங்கே வளைப்பது என்று சொல்கிறவர் அவரே. வலை வளைக்கும் கரைத்துண்டுக்கும் அதை வளைக்கும் உரிமைக்கும் எங்கள் ஊரில் பாடு என்று பெயர். கிழமையில் ஆறு நாளும் அந்தப் பாடு எங்கள் வீட்டுக்கே உரியது. ஞாயிற்றுக்கிழமை கடல் எவருக்கும் இல்லை.

இந்த உரிமைக்கு உறுதிச் சீட்டு உண்டா என்று அரசாங்கக் கச்சேரியிலிருந்து வந்த உத்தியோகத்தர் ஒருவர் ஒருமுறை கேட்டார். கேட்டவரை ஊரே இரக்கத்தோடு பார்த்தது. பாடு எழுதிக் கொடுக்கப்படுவதில்லை, சொல்லிக் கொடுக்கப்படுவது. சம்மாட்டியோ அவருடைய மூத்த மகனோ கோயில் முற்றத்தில் கொடிமரத்தடியில் எழுந்து நின்று, பங்குச் சுவாமியார் முன்னிலையில், ஊர் கேட்கச் சொன்னால் அது சொன்னதுதான். என் தகப்பனாரின் பாட்டனாருக்கு இந்தக் கரை அப்படித்தான் வந்தது. சொல்லிக் கொடுத்தவரும் உயிரோடு இல்லை, கேட்டுக்கொண்டிருந்தவர்களும் இல்லை. சொல் மட்டும் இருந்தது.

நான் படிப்பை முடித்து வந்த வருடம், ஆட்கள் தங்களுக்கென்று ஒரு வலை பின்னி வைத்திருந்தார்கள். இரண்டு மாரிகாலம் வீட்டுக்கு வீடு பெண்களும் ஆண்களுமாக இருந்து பின்னிய வலை. அதை வளைக்கக் கிழமையில் ஒரு நாள், எந்த நாளானாலும் சரி, விடும்படி மண்டாடி என் தகப்பனாரிடம் கேட்டார். ஒரு தரமல்ல, மூன்று தரம் கேட்டார். தகப்பனார் மூன்று தரமும் வெற்றிலை கொடுத்து, மழையைப் பற்றிப் பேசி அனுப்பிவிட்டார். அந்த வலை மண்டாடி வீட்டுக் கூரை வளையில் தண்ணீர் காணாமல் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைத் தினமும் கண்டேன். கண்டு என்ன? என் சிந்தை உலகப் பிரச்சினைகளில் ஈடுபட்டிருந்தது.

உலகப் பிரச்சினைகளில் அப்போது எங்கள் ஊருக்கு மிக அண்மையில் இருந்தது மெக்சிக்கோதான். அங்கே அரசாங்கத்துக்கும் திருச்சபைக்கும் மூண்ட பகையில் கோயில்களில் பூசை நின்றுபோயிருந்தது. சுவாமியாருக்கு வரும் சஞ்சிகை அதை விரிவாக எழுதியது. அவர் அதைப் பிரசங்கத்தில் இன்னும் விரிவாகச் சொன்னார். வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் மெக்சிக்கோவுக்காகச் செபமாலை சொன்னோம். சுவாமியார் சஞ்சிகையிலிருந்து ஒரு படத்தை வெட்டிக் கோயில் கதவில் ஒட்டியிருந்தார். படத்தில் வெண்மணல், ஒரு பூட்டிய கோயில், வேலி நிறைய நாகதாளிக் கள்ளி, வேலியோரம் இரண்டு கழுதைகள். எங்கள் ஆட்கள் அதை நின்று பார்த்தார்கள். அதே மணல், அதே நாகதாளி, அதே கழுதை. மெக்சிக்கோ என்பது தலைமன்னாருக்கு அப்பால் இரண்டு தரிப்பிடம் போனால் வரும் இடம் என்று அவர்கள் எண்ணியதில் என்ன பிழை?

இந்த வேளையில்தான் சுவாமியார் எங்கள் வாலிபர் சங்கத்தில் ஒரு விவாதம் வைத்தார். "மெக்சிக்கோவில் பெருநிலங்களைப் பறித்துக் குடியானவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது நீதியே" என்பது பொருள். சீட்டுக் குலுக்கியதில் ஆதரித்துப் பேசும் பக்கம் எனக்கு விழுந்தது. எதிர்த்துப் பேச எருக்கலம்பிட்டியிலிருந்து என் கல்லூரித் தோழன் வந்தான். அவனுடைய வாப்பா கருவாட்டு வியாபாரி. அவன் சொல் வியாபாரி. விடுதியில் நாங்கள் இருவரும் ஒரே அறை. நான் பேசப்போவது இன்னதென்று அவனுக்கு என்னை விட நன்றாகத் தெரியும்.

நான் ஆயத்தம் செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். மன்னார்ப் பட்டணத்து வாசிகசாலையில் மூன்று நாள் இருந்து பழைய ஆங்கிலச் சஞ்சிகைகளைக் கிளறினேன். முப்பது வருடத்துக்கு மேல் ஒரே தளபதி அங்கே ஆண்டது, அவர் காலத்தில் புகைவண்டிப் பாதையும் சுரங்கமும் பெருகப் பெருகக் கிராமங்களின் பொது நிலம் பண்ணைகளின் வயிற்றுக்குள் போனது, பிறந்த ஊரில் பிறத்தியானாய்க் கூலிக்கு நின்ற குடியானவர்கள் துவக்கெடுத்தது, பத்து வருடச் சண்டை, கடைசியில் நிலத்துக்கு முதல் உரித்தாளி நாடே என்று எழுதிய சட்டம், கிராமத்துக்கு நிலம் திரும்பி வந்தாலும் அதை உழலாமே தவிர விற்க முடியாது என்ற ஏற்பாடு, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். பின்பு மாலை வேளைகளில் கடற்கரையில் நின்று பேசிப் பழகினேன். கேட்டவை நான்கு கழுதைகள். அவற்றில் ஒன்று இடையில் எழுந்து போயிற்று. நான் அந்தப் பகுதியைச் சுருக்கினேன்.

விவாதம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். ஓலைக் கொட்டகையில் நடத்துவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் மெக்சிக்கோ என்றதும் ஊர் முழுவதும் வந்துவிட்டது. கொட்டகை கொள்ளவில்லை. சுவாமியார் கதிரைகளையும் மேசையையும் முற்றத்துக்குத் தூக்கச் சொன்னார். மேசையைக் கொண்டு போய் நிழல் பார்த்துக் கொடிமரத்தடியில் வைத்தார்கள். நான் நிழலுக்காகச் சந்தோஷப்பட்டேன். என் தகப்பனார் வலைக்கு நூல் வாங்கப் பட்டணம் போயிருந்தார்.

நான் எழுந்தேன். முதல் வாக்கியம், இரண்டாம் வாக்கியம், கை. பண்ணையையும் தளபதியையும் பற்றிப் பேசியபோது சபை மரியாதையாகக் கேட்டது. மரியாதை பேச்சாளனுக்கு நல்ல குறியல்ல. முன் வரிசையில் ஒரு கிழவர் கொட்டாவி விட்டார். அப்போது எனக்கு அந்த உவமை உதித்தது. ஆயத்தத்தில் இல்லாதது, அந்த இடத்திலேயே பிறந்தது.

"பெரியோர்களே! மெக்சிக்கோவின் நிலத்தை மறந்துவிடுங்கள். நமது கரையை நினையுங்கள். வலை இழுப்பவர் இருபது பேர், கரையோ ஒருவருக்கு! கடலை உண்டாக்கியவர் அதில் எவருடைய பெயரை எழுதினார்? திங்களை நான் கேட்கவில்லை. செவ்வாயைக் கேட்கவில்லை. புதன், வியாழன், சனி, எதையும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை! அந்த ஒரு நாள் இந்தக் கரை உங்களுடையது என்று நான் சொல்கிறேன். சொன்னால் வானம் இடிந்து விழுமா?"

வானம் விழவில்லை. கொட்டாவி நின்றது. சபை முழுவதும் அசையாமல் என்னையே பார்த்தது. அப்படியொரு அமைதியை நான் எந்த மேடையிலும் பெற்றதில்லை. அது என் உவமையின் வெற்றி என்று எண்ணி, அந்த உற்சாகத்தில் முடிவுரையை இரட்டிப்பாக்கினேன். வெள்ளிக்கிழமையை நான் தெரிந்தெடுத்தது ஓசைக்காக. வேறு ஒன்றும் இல்லை.

பின்பு என் தோழன் எழுந்தான். "நிலத்தைப் பிரித்த கையும் கோயிலைப் பூட்டிய கையும் ஒரே கைதான்," என்று தொடங்கினான். கோயில் முற்றத்தில் நின்று, தொப்பி அணிந்த தலையோடு, திருச்சபைக்காக அவன் வாதாடிய வாதம் சுவாமியாரையே கண் கலங்கச் செய்தது. அங்கே நிலத்துக்காகத் துவக்கெடுத்தவனும் பூசைக்காகத் துவக்கெடுத்தவனும் ஒரே ஊர்க் குடியானவன், ஒருவேளை ஒரே வீட்டான், அவனுக்கு ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பறிப்பது எப்படி நீதியாகும் என்று கேட்டு உட்கார்ந்தான். எனக்கே கை தட்டத் தோன்றியது. தீர்ப்பு அவன் பக்கம்.

"என்ன மச்சான், உன்ர சுவாமியார் எனக்கு ஞானஸ்நானம் தந்துவிடுவார் போல கிடக்கு," என்றான் இறங்கி வந்து. "நான் ஓடப்போறன். வாப்பா தேடுவார்."

தோற்றது எனக்கு வலித்தது. இரண்டு நாள் கடற்கரைப் பக்கமே போகவில்லை. வீட்டுக்குள் இருந்து, சொல்லியிருக்க வேண்டிய பதில்களைச் சுவருக்குச் சொன்னேன். மண்டாடி வீட்டுப் பக்கமிருந்து மரப்பட்டை அவிக்கிற வாசம் வந்தது. புது வலைக்குச் சாயமேற்றுகிறார்கள் என்பதை மூக்கு அறிந்தும் புத்தி அறியவில்லை. திங்களன்று தேத்தண்ணிக் கடையில் நடந்ததும் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. ஆட்கள் என் தகப்பனாரைச் சூழ்ந்துகொண்டு, "சம்மாட்டியார், தம்பி கோயில் முத்தத்தில சொன்னது சொன்னதுதானே?" என்று கேட்டிருக்கிறார்கள். தகப்பனார் கதிரையில் நிமிர்ந்து இருந்து, "என்ர மகன் சொன்னால் நான் சொன்ன மாதிரி!" என்றிருக்கிறார். மகன் மெக்சிக்கோவைப் பற்றிச் சொன்னான் என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தகப்பனாரின் குரல் கேட்டுக் கரைக்கு ஓடினேன். எங்கள் தோணி இறங்கும் இடத்தில் ஆட்கள் இரவல் வாங்கிய வேறொரு தோணி நின்றது. அதில் புதுச் சாயம் மணக்கும் வலை மடித்து ஏற்றப்பட்டிருந்தது. ஆட்கள் எல்லாரும் அந்தப் பக்கம். எங்கள் வலையோடு தகப்பனார் தனியே இந்தப் பக்கம்.

"என்ன இது?" என்றார் தகப்பனார்.

"வெள்ளிக்கிழமை, சம்மாட்டியார்," என்றார் மண்டாடி, வேறு விளக்கம் தேவையில்லாதவரைப் போல.

"வெள்ளிக்கிழமை எண்டு எனக்கும் தெரியும். ஆற்ர வலை இது?"

"எங்கட வலை. தம்பி தந்த நாள். கொடிமரத்தடியில நிண்டு, சுவாமி கேக்க, கையைத் தூக்கிச் சொன்னவர். நீங்களும் திங்கட்கிழமை ஓம் எண்டனீங்கள்."

"அது மெக்சிக்கோ!"

"மெக்சிக்கோவை மறந்துபோட்டு எங்கட கரையை நினைக்கச் சொல்லித்தானே தம்பி சொன்னவர்," என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். சொல் பிசகாமல் சொன்னான். என் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்ட சபை எனக்கு வேறு வாய்த்ததில்லை.

இதற்குள் என் தோழனும் மீன் வாங்க வண்டியில் வந்து இறங்கியிருந்தான். நிலைமையை ஒரு நிமிடத்தில் விளங்கிக்கொண்டு என் காதோடு வந்தான். "விவாதத்துக்குச் சொன்னது எண்டு சொல்லு மச்சான். சீட்டில விழுந்த பக்கம் எண்டு சொல்லு. நான் சாட்சி. அதோட முடிஞ்சுது."

உண்மைதான். அது சத்தியமான பதில்; பொய் ஒரு துளியும் இல்லை. சீட்டு மறுபக்கம் விழுந்திருந்தால் இந்தக் கரை ஆறு நாளும் என் தகப்பனாருக்கே என்று இதே கொடிமரத்தடியில் நான் நிலைநாட்டியிருப்பேன்.

தகப்பனாரும் அந்த வழியைக் கண்டுகொண்டார். "கேளுங்கோ," என்றார் ஆட்களைப் பார்த்து. "பொடியன் மேடையில கதைச்சது. காத்தில போற கதை. வாயால சொன்னது ஒரு உறுதியோ? கடுதாசி கிடக்கோ?"

மண்டாடி சண்டைக்காரர் அல்லர். வெற்றிலையைத் துப்பிவிட்டு மெதுவாகத்தான் சொன்னார். "சம்மாட்டியார், உங்கட பாட்டனுக்கு இந்தக் கரையைச் சொன்ன சொல்லுக்கும் கடுதாசி இல்லைத்தானே."

அலை ஒன்று வந்து போயிற்று. மகன் சொன்னது காற்று என்றால் பாட்டனுக்குச் சொன்னதும் காற்று. ஒரு நாள் போவதற்குப் பதிலாக ஆறு நாளும் போய்விடும். நான்கு வருடம் பணம் கட்டி நான் படித்த தர்க்கத்தை, பள்ளிக்கூடத்தை எட்டிப் பாராத ஒருவர் வெற்றிலைச் சாற்றோடு ஒரே வரியில் சொல்லி முடித்தார். என் தோழன் தன்னையறியாமல் "சபாஷ்!" என்றான், உடனே வாயைப் பொத்திக்கொண்டான்.

தகப்பனார் என் பக்கம் திரும்பினார். கோபத்தில் கேட்டிருந்தால் சுலபமாயிருந்திருக்கும். அவர் அறிய வேண்டிக் கேட்டார்.

"நீ சொன்னனியோ?"

"சொன்னனான்."

"கருதிச் சொன்னனியோ?"

இதற்குத்தான் நாக்கு எழவில்லை. அந்தக் கேள்வியை என்னிடம் எந்த மேடையிலும் எவரும் கேட்டதில்லை. குரல் நன்றா, கை நன்றா, வாதம் நன்றா என்று கேட்டிருக்கிறார்கள். தோணியில் இருந்த வலையைப் பார்த்தேன். ஒவ்வொரு முழத்தையும் வேறு வேறு கை பின்னியிருந்தது தெரிந்தது; சில கண்கள் இறுக்கம், சில தளர்வு. வாசிகசாலையில் மூன்று நாள் கடல் கடந்து போய் நான் தேடிய குடியானவர்கள், நான் தினமும் கடந்து போகும் வீட்டில் இரண்டு மாரிகாலம் இருந்து பின்னியிருக்கிறார்கள்.

"அண்டைக்கு விவாதத்துக்குச் சொன்னனான், அப்பா," என்றேன். கூட்டத்தில் ஒரு மூச்சு இறங்கியது. "இப்ப கருதிச் சொல்லுறன்."

கை எழவில்லை. கடைசி வரிசைக்குக் கேட்டதோ தெரியாது. காற்று வேறு எதிர்க்காற்று. என் வாழ்நாளில் நான் செய்த மிகச் சிறிய பேச்சு அதுவே.

தகப்பனார் தோளில் கிடந்த துவாயை எடுத்து உதறி மறுபடியும் தோளில் போட்டார். எங்கள் வலையின் பக்கத்தில் போய்க் கடலுக்கு முதுகு காட்டி இருந்தார். அதை ஓம் என்று எடுப்பதா இல்லை என்று எடுப்பதா என்று மண்டாடி சற்று யோசித்தார். பின்பு சிலுவை அடையாளம் போட்டுத் தோணியைத் தள்ளச் சொன்னார்.

வலை வளைத்து வந்தது. இரு பக்கமும் கயிறு பிடித்து, பாட்டெடுத்து, இழுக்கத் தொடங்கினார்கள். தங்கள் வலையை இழுக்கிறவர்கள் என்ற ஆவேசத்தில் தெற்குப் பக்கத்துக்காரர் வேகமாக இழுத்தார்கள். வடக்குப் பக்கம் பின்தங்கியது. வலை, மீன் சேரும் மடியோடு, கோணிக்கொண்டு வந்தது. என் தகப்பனார் முதலில் தலையை மட்டும் திருப்பினார். பிறகு உடம்பைத் திருப்பினார். பிறகு எழுந்தார்.

"சமனா இழுங்கோடா! மடி பிரளப்போகுது! எட, கண் இல்லையோ உங்களுக்கு?"

ஒருவரும் கேட்கவில்லை. வலை இன்னும் கோணியது. ஒரு வலை பிழையாக இழுபடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் எந்தக் காலத்திலும் முடிந்ததில்லை. அது எவருடைய வலையானாலும் சரி. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் வடக்குப் பக்கக் கயிற்றில் கை வைத்தார். என்னையும் பார்த்தார். "நாட்டைப் பிரிச்சுக் குடுத்தவர் நிண்டு பாக்கிறார்! வந்து பிடியும் துரை!" என்றார். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். என் தோழனும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பிடித்தான். நிலத்தைப் பிரிப்பது அநீதி என்று தீர்ப்பு வாங்கியவன் என்னை விட நன்றாக இழுத்தான்.

மடி கரைக்கு வந்தது. அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. பாதி, தின்ன உதவாத வழுவழுப்பான சொறிமுட்டை, மிச்சத்தில் பாதி பாசி, அதற்குள் நாலைந்து கூடைக்குச் சாளையும் சில பாரையும். பார்த்துவிட்டு எல்லாரும் சிரித்தார்கள். "மெக்சிக்கோவில இதுதான் விளையும் போல," என்றான் ஒருவன்.

எங்கள் கரையில் இன்னொரு வழக்கம் உண்டு. கயிற்றில் கை வைத்தவர் எவராயினும், வழிப்போக்கராயினும், அவருக்குக் கறிக்கு மீன் உண்டு. கொடுப்பது வலைக்காரர். என் தகப்பனார் முப்பது வருடமாகக் கொடுத்துப் பழகிய கை. அன்றைக்கு மண்டாடி ஒரு பாரையும் சில சாளையும் ஓலையில் கோத்து அவரிடம் நீட்டினார். தகப்பனார் அந்தக் கோர்வையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாங்காமல் போனால் அந்த வெள்ளிக்கிழமையும் அதோடு போய்விடும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அவர் கோர்வையை வாங்கித் தூக்கிப் பார்த்து, "பாரை பரவாயில்லை," என்றார். "வாற கிழமை தெற்குப் பக்கத்துக்கு மெதுவா இழுக்கிறவங்களைப் போடு."

மண்டாடி "ஓம், சம்மாட்டியார்," என்றார். அவ்வளவுதான் உறுதி முடித்தது.

வீட்டுக்கு நடந்தபோது அவர் கோர்வையைத் தூக்கிக்கொண்டு முன்னே போனார். படலையைத் திறந்ததும் அம்மா கோர்வையைக் கண்டாள். ஊர் வழி அவளுக்கு எல்லாம் முந்தியே வந்து சேர்ந்திருந்தது. "குடுக்கிறதெண்டால் செவ்வாயைக் குடுத்திருக்கலாமே ராசா," என்றாள் என்னைப் பார்த்து. "இறைச்சி தின்னாத நாள் பாத்தோ குடுப்பாய்? வெள்ளிக்கிழமைதானே பட்டணமெல்லாம் மீன் கேக்கும்."

ஓசைக்காகத் தெரிந்தெடுத்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

தகப்பனார் கைகால் கழுவிக்கொண்டு கதிரையில் இருந்தார். "அடுத்த விவாதம் எப்ப?" என்று கேட்டார்.

"தெரியாது, அப்பா."

"எப்பவெண்டாலும் எனக்குச் சொல்லு. நான் பட்டணம் போகமாட்டன்."

இப்போது லண்டனிலிருந்து வந்த துரைமார் கொழும்பில் இருந்து, இந்த நாட்டில் எல்லாருக்கும் வாக்குக் கொடுக்கலாமா, கொடுத்தால் அதை எப்படிப் பாவிப்பதென்று இவர்களுக்குத் தெரியுமா என்று விசாரிக்கிறார்களாம். வாலிபர் சங்கத்தில் அடுத்த பொருள் அதுவே. இம்முறை சீட்டுக் குலுக்க வேண்டாம் என்று சுவாமியாரிடம் சொல்லிவிட்டேன். பக்கத்தை நானே எடுத்துவிட்டேன். மேசையை எங்கே போடுவது என்று அவர் கேட்டார். கொடிமரத்தடியில் என்றேன்.